நிலத்தோடு வரும் வாக்கு

நியூ ஹாம்ப்ஷையரிலிருந்து கனெக்டிகட் ஆற்றைக் கடந்தால் வெர்மான்ட். மார்ச் மாதக் கடைசி. ஆற்றின் கரைகளில் உடைந்த பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பாலத்தைத் தாண்டியதுமே கண்ணுக்கு ஒரு விடுதலை. சாலையோரத்தில் விளம்பரப் பலகை ஒன்றுகூட இல்லை. 1968-இல் சட்டம் இயற்றி அவற்றை விலக்கிய மாநிலம் இது. மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் மலைகள் சாலைவரை இறங்கி வருகின்றன. சரிவில் காடு, காட்டுக்குக் கீழே மேய்ச்சல் நிலம், அதன் ஓரத்தில் செந்நிறத் தொழுவம், அதற்கும் கீழே ஓடை. கொஞ்ச தூரம் போனால் வெள்ளைக் கோபுரத் தேவாலயத்தோடு ஒரு சிற்றூர். ஊர் முடியும் இடத்தில் வீடுகளும் முடிந்துவிடுகின்றன. மறுபடியும் வயல், மறுபடியும் காடு.

ஆறரை லட்சம் பேர் வாழும் சின்ன மாநிலம். பாஸ்டனிலிருந்து காலையில் கிளம்பினால் மதிய உணவுக்கு இங்கே வந்துவிடலாம். நியூயார்க்கும் அப்படியொன்றும் தொலைவு இல்லை. பணம் புழங்கும் நகரங்களுக்கு இவ்வளவு அருகில், பனிச்சறுக்கு மலைகளும் ஏரிகளும் நிறைந்த நாட்டில், வயல்களெல்லாம் வார இறுதி மாளிகைகளாக மாறாமல் இன்னும் வயல்களாக இருப்பது எப்படி? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன்.

முதலில் வூட்ஸ்டாக். ஒட்டாக்வீச்சி ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர். ஊருக்குப் பின்னால் எழும் மவுன்ட் டாம் குன்றில் பனி கரைந்து பாதை முழுக்கச் சேறு. அடர்ந்த காட்டுக்குள் நடக்கும்போது, மரங்களுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கல்சுவர்கள் குறுக்கிட்டன. காட்டுக்குள் சுவர் எதற்கு? ஒரு காலத்தில் இது காடாக இல்லை என்பதற்கு அவை சாட்சி. 1811-இல் வில்லியம் ஜார்விஸ் என்ற அமெரிக்கத் தூதர் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து மெரினோ ஆடுகளை வெர்மான்ட்டுக்குக் கொண்டுவந்தார். கம்பளிக்கு நல்ல விலை. மலைச்சரிவுகள் மேய்ச்சலுக்காக மொட்டையடிக்கப்பட்டன. 1840 வாக்கில் இங்கே 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் இருந்தன. மனிதர்கள் மூன்று லட்சம்கூட இல்லை. மரம் போன சரிவுகளில் மண் நிற்கவில்லை. மழை பெய்தால் ஓடைகள் பொங்கின, பெய்யாவிட்டால் வற்றின.

இந்த அழிவைச் சிறுவனாக இருந்து பார்த்தவர், 1801-இல் வூட்ஸ்டாக்கில் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ். பின்னாளில் தூதராக மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்தபோது, காடழிந்து வறண்ட மலைகளை அங்கும் கண்டார். இரண்டையும் சேர்த்து யோசித்து 1864-இல் 'மனிதனும் இயற்கையும்' என்ற நூலை எழுதினார். மனிதர்கள் செய்யும் மாற்றம் நிலத்தையும் நீரையும் நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும் என்று ஆதாரங்களோடு சொன்ன தொடக்க கால நூல்களில் அது முதன்மையானது. அவருடைய குடும்பத்துப் பண்ணையை 1869-இல் வாங்கிய ஃப்ரெடரிக் பில்லிங்ஸ், மொட்டைக் குன்றில் மரங்களை நட்டார். நான் நடந்த காடு அவர் தொடங்கிவைத்தது. இன்று அது தேசியப் பூங்கா.

வெர்மான்ட்டின் மற்றக் காடுகள் பெரும்பாலும் யாரும் நடாமல் தாமாகவே திரும்பின. கம்பளி விலை சரிந்தது, விவசாயிகள் மேற்கே குடிபெயர்ந்தார்கள், கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் பைனும் மேப்பிளும் முளைத்தன. இன்று மாநிலத்தின் நான்கில் மூன்று பங்கு காடு. இயற்கை ஒரு முறை மன்னித்துவிட்டது. ஆனால் ஆடு மேய்ந்த இடத்தில் காடு திரும்பலாம். தார்ச்சாலையும் கான்கிரீட் அடித்தளமும் கழிவுநீர்த் தொட்டியும் வந்த இடத்தில் திரும்பாது. நியூ இங்கிலாந்து முழுவதிலும் காடு மறுபடி குறைந்துவருகிறது என்றும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ஏக்கர் போய்க்கொண்டிருக்கிறது என்றும் ஹார்வர்ட் ஃபாரஸ்ட் ஆய்வு நிலையத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் 2017-இல் எச்சரித்தார்கள்.

அந்த ஆபத்து 1960களில் நெடுஞ்சாலை வழியே வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான பெருஞ்சாலைகள் வந்ததும் மலையோர நிலங்களின் விலை ஏறியது. 1970-இல் வெர்மான்ட் 'ஆக்ட் 250' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய கட்டுமானங்கள் அனைத்தும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்றது அது. பெரிய அழிவுகளை அது தடுத்தது. ஆனால் இன்று இரண்டு மனை, அடுத்த ஆண்டு மூன்று மனை என்று சிறுகச் சிறுகத் துண்டாகும் நிலத்தைச் சட்டத்தால் பிடிக்க முடியவில்லை. 1977-இல் வூட்ஸ்டாக் பகுதி மக்கள் சிலர் சேர்ந்து ஒட்டாக்வீச்சி லேண்ட் டிரஸ்ட் என்ற நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய வெர்மான்ட் லேண்ட் டிரஸ்ட். அதன் கையில் இருந்த கருவி ஓர் ஒப்பந்தப் பத்திரம். கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று அங்கே அதற்குப் பெயர். நான் நிலப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நிலம் ஒருவருக்குச் சொந்தம் என்றால் பல உரிமைகள் சேர்ந்தே அவர் கையில் இருக்கின்றன. உழலாம், மேய்க்கலாம், மரம் வெட்டலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், விற்கலாம். மனை போடலாம், வீடு கட்டலாம், சரளைக்கல் தோண்டலாம். இந்த ஒப்பந்தம் கடைசியில் சொன்ன உரிமைகளை மட்டும் தனியே பிரிக்கிறது. அவற்றை உரிமையாளர் ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசுக்கோ விற்கிறார் அல்லது நன்கொடையாகத் தருகிறார். பெற்றுக்கொண்டவர் அந்த உரிமைகளைப் பயன்படுத்த மாட்டார். யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வார். நிலம் பழைய உரிமையாளரிடமே இருக்கும். அவர் அதில் பயிரிடலாம், கறவை வளர்க்கலாம், தொழுவம் கட்டலாம், திட்டமிட்டு மரம் வெட்டலாம், விரும்பினால் விற்கலாம். ஆனால் வாங்குபவரையும், அவரிடம் வாங்குபவரையும், அவர்களுடைய வாரிசுகளையும் அந்தக் கட்டுப்பாடு விடாது. ஆள் மாறினாலும் வாக்கு நிலத்தோடு போகும்.

விலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எடுத்துக்காட்டுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பண்ணை திறந்த சந்தையில் 10 லட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்ட முடியாது, துண்டு போட முடியாது என்று ஆகிவிட்டால் அதே பண்ணை 6 லட்சம்தான் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொல்கிறார். வித்தியாசம் 4 லட்சம். விவசாயி கைவிடும் உரிமையின் விலை அதுதான். அதைப் பணமாகப் பெறலாம். நன்கொடையாகக் கொடுத்தால் கூட்டாட்சி வருமான வரியில் கழிவு உண்டு.

வூட்ஸ்டாக்கிலிருந்து கிளம்பிய பிறகு ஒரு சிற்றூரில் நின்றேன். வெர்மான்ட்டில் நிலப் பத்திரங்கள் மாவட்டத் தலைநகரில் இருப்பதில்லை. ஒவ்வோர் ஊரின் டவுன் கிளார்க் அலுவலகத்திலும் அந்த ஊரின் பதிவேடுகள் இருக்கின்றன. யாரும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அந்த அலுவலகம் ஒரு மரவீடு. கனத்த இரும்புக் கதவு போட்ட அறைக்குள், தடித்த அட்டைப் பதிவேடுகள் வரிசையாக நின்றன. அங்கிருந்த பெண்மணி ஒரு தொகுதியை எடுத்து மேசையில் விரித்தார். ஊருக்கு வெளியே நான் பார்த்துவிட்டு வந்த ஒரு பண்ணையின் ஒப்பந்தம் அதில் பல பக்கங்களுக்கு நீண்டது. எந்த ஓடையின் கரையில் உழக்கூடாது, எந்த மூலையில் பண்ணைத் தொழிலாளருக்கு வீடு கட்டிக்கொள்ளலாம், மரம் வெட்டுமுன் யாரிடம் திட்டம் காட்ட வேண்டும், எல்லாம் வரைபடத்தோடு எழுதப்பட்டிருந்தன. ஊரில் நிலம் வாங்க வருகிற ஒவ்வொருவரின் வழக்கறிஞரும் இந்த அறையில் வந்து இந்தப் பக்கங்களைப் புரட்டிய பிறகுதான் பணம் கைமாறும் என்றார் அவர். ஒப்பந்தத்தின் பலம் இந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ரகசியமாக எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும், பக்கத்து ஊருக்கும் தெரியும்.

கில்லிங்டன் அருகே உள்ள கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் ரட்லண்ட். அங்கிருந்து ஆட்டர் க்ரீக் வடக்கே மிடில்பரியை நோக்கி ஓடுகிறது. சாலையும் ஆறும் கூடவே போகின்றன. வழியெங்கும் அகலமான சதுப்பு நிலம். பனி உருகிய நீர் நாணல் தட்டைகளுக்கிடையே ஏரிபோல் விரிந்து கிடந்தது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெர்மான்ட்டைப் புரட்டிப் போட்டது. பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. ரட்லண்டில் ஆட்டர் க்ரீக் சட்டென்று பொங்கி உயர்ந்தது. ஆனால் அதே வெள்ளம் மிடில்பரிக்கு நாட்கள் கழித்து, மெதுவாக, தணிந்துதான் வந்து சேர்ந்தது. இடையில் இருந்த இந்தச் சதுப்புகளும் தாழ்ந்த வயல்களும் அதை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டு, மிடில்பரியில் ஏற்பட்டிருக்கக்கூடிய சேதத்தின் பெரும்பகுதியை அவை தடுத்தன என்று காட்டினார்கள்.

வெள்ளங்களிலிருந்து வெர்மான்ட் கற்ற பாடம் அசாதாரணமானது. இங்கே ஆற்றுவழி ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரை விவசாயி, கரையில் கல் அடுக்கி ஆற்றைத் தடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாகப் பணம் பெறுகிறார். அந்தப் பட்டைக்குள் ஆறு தன் விருப்பப்படி வளையலாம், மண்ணை அரிக்கலாம், வேறு இடத்தில் வண்டல் சேர்க்கலாம். தண்ணீர் விரிய இடம் கிடைத்தால் கீழே உள்ள ஊர் தப்பிக்கும். ஆற்றோடு சண்டை போடாமல் இருப்பதற்கு விவசாயிக்கு ஊதியம் தரும் இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டபோது எனக்கு மரியாதை கலந்த வியப்பு உண்டானது. வெள்ளம் வந்த பிறகு நிவாரணம் கொடுப்பதற்குப் பதில், வருமுன்னரே வழி விடுவதற்குக் கொடுக்கிறார்கள்.

அடிசன் கவுன்ட்டி வெர்மான்ட்டின் பால்வளம். களிமண் நிலம், கிழக்கே பசுமை மலைத்தொடர், மேற்கே சாம்ப்ளேன் ஏரிக்கு அப்பால் அடிராண்டாக் மலைகள். அங்கே ஒரு பால்பண்ணைக் குடும்பம் என்னை வரவேற்றது. அறுபதைத் தாண்டிய தந்தையும், பண்ணையை இப்போது நடத்தும் மகளும். தொழுவத்துக்குள் நுழைந்ததும் புளித்த மக்காச்சோளத் தீவனத்தின் வாசம். கறவைகள் ஜெர்சி இனம், பெரிய கரிய கண்கள்.

"எங்கப்பா போனபோது வாரிசு நாங்கள் நான்கு பேர்" என்றார் தந்தை. "பண்ணையில் இருந்தது நான் ஒருவன். மற்றவர்களுக்கும் பங்கு உண்டுதானே? அவர்கள் கேட்டதில் தவறில்லை. நிலத்துக்கு அப்போது இருந்த விலையில் மூன்று பங்கு கொடுக்க எத்தனை தலைமுறை பால் கறந்தாலும் போதாது. சாலையோர வயலை மனை போட்டு விற்றுவிடலாம் என்று ஒரு புரோக்கர் வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தார்." அந்த நிலையில்தான் ஒப்பந்தம் கைகொடுத்தது. வளர்ச்சி உரிமையை விற்ற பணத்தில் உடன்பிறந்தவர்களின் பங்கைத் தீர்த்தார். மீதியில் சாண எருக்குழியைச் சீர்படுத்தினார். உடன்பிறப்புகளுக்குள் பேச்சுவார்த்தை முறியவில்லை, வயலும் துண்டாகவில்லை.

மகள் வேறொரு கவலையைச் சொன்னார். வீடு கட்ட முடியாது என்று தெரிந்தும், அழகான காட்சிக்காக முழுப் பண்ணையையும் வாங்கிப் புல் வளரவிட்டு வைத்திருக்கும் செல்வந்தர்கள் உண்டு. நிலம் பாதுகாக்கப்பட்டிருக்கும், ஆனால் விவசாயிக்கு எட்டாது. இதற்காக வெர்மான்ட்டின் ஒப்பந்தங்களில் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்கோ உண்மையான விவசாயிக்கோ அல்லாமல் வேறு ஒருவருக்குப் பண்ணை விற்கப்படுமானால், அதை விவசாய மதிப்புக்கே வாங்கும் முன்னுரிமை அறக்கட்டளைக்கு உண்டு. வாங்கி ஓர் இளம் விவசாயிக்குக் கைமாற்றிவிடலாம். "இந்த விதி இல்லாவிட்டால் என் வயதுக்காரர்கள் யாரும் சொந்த நிலத்தில் நிற்க முடியாது" என்றார் அவர். ஒப்பந்தம் ஓடைக்கரையை உழாமல் விடச் சொல்கிறது. சாம்ப்ளேன் ஏரியில் எருவிலிருந்து போய்ச் சேரும் பாஸ்பரஸால் கோடையில் நச்சுப்பாசி படர்கிறது என்பதால் அதிலும் அவருக்கு உடன்பாடுதான்.

இவ்வளவுக்கும் பால்பண்ணைத் தொழில் செழிக்கவில்லை. 1940களின் இறுதியில் வெர்மான்ட்டில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பால்பண்ணைகள் இருந்தன. இன்று சுமார் 500. பாலுக்கு விலை வைப்பது பண்ணைக்காரர் அல்லர். பத்திரம் நிலத்தைத்தான் காக்கும், பால் விலையைக் காக்காது. அந்தத் தந்தையும் மகளும் இதை மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் கைவிடப்பட்ட பண்ணையின் மண் வயலாகவே கிடந்தால், நாளை அதில் காய்கறியோ தானியமோ வேறொருவர் விளைவிக்கலாம். வீடுகள் நின்றுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

மான்ட்பீலியர், மாநிலத் தலைநகர். எட்டாயிரம் பேர் வாழும் ஊர். 2023 ஜூலை வெள்ளத்தில் மூழ்கிய கடைத்தெரு மறுபடி எழுந்து நின்றிருந்தது. இந்த ஒப்பந்தங்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நிலம் பாதுகாக்கப்பட்டால் வீட்டுமனை குறையும், வீட்டு விலை ஏறும், ஏழை எங்கே போவார்? உலகெங்கும் எழும் இந்தக் கேள்வி நியாயமானது. 1987-இல் வெர்மான்ட்டில் வீட்டு வசதிக்காகப் போராடியவர்களும், விவசாயிகளும், காடு காக்க முனைந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆளுநர் மேடலின் கூனின் காலத்தில் வெர்மான்ட் வீட்டுவசதி மற்றும் நிலப் பாதுகாப்பு வாரியம் பிறந்தது. ஒரே வாரியம், ஒரே நிதி. ஊரின் மையத்தில் கட்டுப்படியாகும் வாடகையில் வீடுகள், ஊருக்கு வெளியே வயலும் காடும். நிலமோ வீடோ கைமாறும்போது வசூலாகும் சொத்து மாற்று வரியில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. நில வியாபாரம் சூடுபிடிக்கும்போது நிலத்தைக் காக்கும் நிதியும் கூடுகிறது. நல்ல விளைநிலத்துக்கு அமெரிக்க வேளாண் துறையும் ஒப்பந்த மதிப்பில் பாதிவரை பங்கு தருகிறது.

வடக்கே போகப் போக பனி கூடியது. ஒரு மலைச்சாலையில், மரக் கொட்டகையின் கூரையிலிருந்து வெண்ணிற ஆவி புகைந்துகொண்டிருந்தது. மேப்பிள் பாகு காய்ச்சும் பருவம். இரவில் உறையவும் பகலில் உருகவும் வேண்டும், அப்போதுதான் மரத்தில் சாறு ஏறும். காடெங்கும் மரத்துக்கு மரம் நீலக் குழாய்கள் ஓடின. கொட்டகைக்குள் நீண்ட எஃகுத் தட்டில் சாறு கொதித்தது. பதநீர் காய்ச்சும் அடுப்பங்கரையின் அதே இனிப்பு வாசம், அதே பொறுமை. 40 லிட்டர் சாறு ஒரு லிட்டர் பாகாகச் சுண்டும். அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ பாதி இந்தச் சிறு மாநிலத்திலிருந்து வருகிறது.

சாறு தரும் அளவுக்கு ஒரு மேப்பிள் வளர 40 ஆண்டுகள் ஆகும். இன்று நடுபவர் தன் முதுமையில்தான் சாறு காண்பார், பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளே காண்பார்கள். இப்படிப்பட்ட மரத்தை நம்பி வாழ்கிறவருக்கு, நிலம் அடுத்த தலைமுறைக்கும் காடாகவே இருக்கும் என்ற உறுதி தேவை. ஆண்டுதோறும் வரிச்சலுகை தரும் 'கரன்ட் யூஸ்' திட்டம் வெர்மான்ட்டில் 1978 முதல் உண்டு. 25 லட்சம் ஏக்கர் வரை அதில் இருக்கிறது. ஆனால் அபராத வரி கட்டிவிட்டு அதிலிருந்து வெளியேறிவிடலாம். ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வழி இல்லை. அந்தக் கொட்டகைக்காரருடைய காடு ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. "இதை எழுதிக் கொடுத்த நாளில் என் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. எனக்குப் பின்னால் யார் என்ற கேள்வி இருக்கிறது. எனக்குப் பின்னால் என்ன என்ற கேள்வி தீர்ந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே, சூடான பாகைச் சின்னக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்.

மேப்பிள் சாறெடுக்கும் கலை இந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. பத்திரமும் பதிவேடும் வந்தபோது நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். பார்ட்டன் என்ற ஊரில், நல்ஹீகன் அபெனாகி சமூகத்துக்கு 2012-இல் 65 ஏக்கர் காடு பொதுச் சொத்தாகக் கிடைத்தது. வெர்மான்ட் லேண்ட் டிரஸ்டும் வாரியமும் துணைநின்றன. அந்தக் காடும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. இழந்ததன் முன்னால் 65 ஏக்கர் மிகச் சிறிது. ஆனாலும் நிலத்தை அபகரிக்க உதவிய அதே பதிவேடு, ஒரு துண்டையாவது திருப்பித் தரவும் உதவியிருக்கிறது.

வடகிழக்கு மூலைக்குப் போனேன். நார்த்ஈஸ்ட் கிங்டம் என்று வெர்மான்ட்காரர்கள் பெருமையோடு அழைக்கும் பகுதி. ஐலண்ட் பாண்டைத் தாண்டினால் ஊர்களே இல்லை. ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் கறுத்து நிற்கும் வடபுலக் காடு. நல்ஹீகன் ஆற்றுப்படுகையில், மாலி பீட்டி பெயரிலான சதுப்பின் பலகைப் பாதை பனியில் பாதி புதைந்திருந்தது. அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்த் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர், வெர்மான்ட்டில் வாழ்ந்தவர். மாநிலத்தில் மான்கள் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் மிகப் பெரிய இடம் இந்தக் காடு.

1998-இல் இதெல்லாம் விற்பனைக்கு வந்தது. சாம்பியன் இன்டர்நேஷனல் என்ற காகித நிறுவனம், நியூயார்க், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷையரில் தனக்கிருந்த சுமார் 3 லட்சம் ஏக்கரை விற்க முடிவெடுத்தது. வெர்மான்ட்டில் மட்டும் 1,32,000 ஏக்கர். தலைமுறைகளாக இங்கே மரம் வெட்டியவர்கள், வேட்டையாடியவர்கள், சிறு குடில் போட்டு விடுமுறை கழித்தவர்கள் எல்லோருக்கும் அடிவயிற்றில் கலக்கம். கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு மொத்தத்தையும் வாங்கியது. பிறகு அது பிரிக்கப்பட்டது. சுமார் 26 ஆயிரம் ஏக்கர் கூட்டாட்சி வனவுயிர்க் காப்பகமாக, 22 ஆயிரம் ஏக்கர் மாநில அரசின் வனவுயிர்ப் பகுதியாக ஆயின. எஞ்சிய சுமார் 84 ஆயிரம் ஏக்கரைத் தனியார் மர நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தோடு வாங்கியது. அங்கே மரம் வெட்டலாம், திட்டப்படி மட்டும். மனை போடக் கூடாது. மக்கள் நடக்க, வேட்டையாட, மீன்பிடிக்க வழி திறந்தே இருக்க வேண்டும். அதன்பின் அந்த நிலத்தின் உரிமை வேறு நிறுவனங்களுக்கு மாறியது. ஒப்பந்தம் மாறவில்லை.

எல்லோருக்கும் இது உடன்பாடாக இருக்கவில்லை. வெட்டாமல் விட்ட பகுதி அதிகம் என்று மரத்தொழிலாளர் வருந்தினார்கள், வெட்டவிட்ட பகுதி அதிகம் என்று மற்றவர்கள் வருந்தினார்கள். ஆனால் சண்டை போட இன்னும் காடு இருக்கிறது. மனைகளாகச் சிதறியிருந்தால் அந்தச் சண்டைக்கும் இடம் இருந்திருக்காது.

இந்தக் கருவியில் குறைகள் உண்டு. அமெரிக்காவின் வேறு பகுதிகளில் முதலீட்டாளர் குழுக்கள் நிலத்தை வாங்கி, அதன் மதிப்பைப் பல மடங்கு ஊதிக் காட்டி, ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து வரிக்கழிவு அள்ளியிருக்கிறார்கள். வரித்துறை பல ஆண்டுகள் போராடிய பிறகு 2022 இறுதியில் நாடாளுமன்றம் அந்த வழியைச் சட்டத்தால் அடைத்தது. நிரந்தரம் என்ற சொல்லும் சுமையானது. பருவநிலை மாறி மேப்பிள் வடக்கே நகர்ந்துவிட்டால், இன்று எழுதிய விதி நூறாண்டுக்குப் பின் பொருந்துமா? அதனால்தான் புதிய ஒப்பந்தங்கள் இந்தப் பயிர், இந்த மரம் என்று கட்டாமல், மண்ணும் நீரும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதையே மையமாக வைக்கின்றன.

வெர்மான்ட் லேண்ட் டிரஸ்ட் இதுவரை காத்திருக்கும் நிலம் 6 லட்சம் ஏக்கருக்கும் மேல். மாநிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2030-க்குள் 30 விழுக்காடு, 2050-க்குள் 50 விழுக்காடு நிலத்தைக் காக்க வேண்டும் என்று 2023-இல் வெர்மான்ட் சட்டமே இயற்றியிருக்கிறது. இந்த ஏக்கர்க் கணக்குக்குப் பின்னால் ஓர் எளிய வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அறக்கட்டளையின் ஆள் ஒருவர் வருகிறார். எல்லையைப் பார்க்கிறார், உரிமையாளரோடு பேசுகிறார், புதிதாகக் குப்பை கொட்டியிருக்கிறதா, சாலை வெட்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார். நிலம் கைமாறினால் புதியவருக்கு விதிகளை விளக்குகிறார். மீறினால் நீதிமன்றம்வரை போக நிதி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அடிசன் கவுன்ட்டி விவசாயி அந்த ஆளைப் பற்றி, வருடாவருடம் வரும் உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். வயலும் காடும் அவற்றின் சொந்தக்காரருக்கு மட்டும் பயன் தரவில்லை. கீழே உள்ள ஊரின் வெள்ளத்தை அவை வாங்கிக்கொள்கின்றன, குடிநீரைத் தெளியவைக்கின்றன, நாளைய உணவுக்கு மண்ணை வைத்திருக்கின்றன. பயன் எல்லோருக்கும், இழப்பு விவசாயிக்கு மட்டும் என்பது நியாயம் இல்லை. நிலத்தை விற்காதே என்று அவருக்கு அறிவுரை சொல்வது எளிது. மகளின் படிப்புக்கும் தம்பியின் பங்குக்கும் மருத்துவச் செலவுக்கும் பணம் வேண்டிய வேளையில் அந்த அறிவுரை அவருக்கு உதவாது. வெர்மான்ட் அறிவுரையோடு நிற்காமல் விலையைக் கணக்கிட்டது, அதற்கென்று ஒரு வரியை ஒதுக்கியது, பணத்தைக் கொடுத்தது, பதிவேட்டில் எழுதியது, ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவருகிறது. காடு வேண்டும், வயல் வேண்டும் என்று கேட்கும் எந்தச் சமூகமும் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். விலையில் தன் பங்கைக் கொடுத்த ஊருக்குத்தான் அந்த நிலம் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.